அப்பாவுக்குக் கொள்ளி யார் வைப்பது? மூத்த மகன் நான், விசுவாசி

ஏரிக்கரை | ஜனவரி 17, இரவு 11:42

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் இங்க அதிகமா எழுதினதில்ல, படிக்கிறதோட சரி. பொங்கலுக்கு ஊருக்குப் போய்ட்டு வந்ததுல இருந்து தூக்கமே இல்ல, அதான் எழுதுறேன்.

ஊர் திண்டிவனத்துக்குப் பக்கத்துல ஒரு கிராமம். வீட்டுக்கு மூத்தவன் நான். எங்க வகையறாவுலயே முதல்ல இயேசுவை ஏத்துக்கிட்டவனும் நான்தான். ஒரகடத்துல சி.என்.சி. மிஷின் ஓட்டுறேன். நாலு வருஷத்துக்கு முன்னாடி ஞானஸ்நானம் எடுத்தேன். மனைவியும் என்கூட சபைக்கு வர்றா. தம்பிக்குத் தெரியும். அம்மாவுக்கு அரைகுறையாத் தெரியும். அப்பாகிட்ட மட்டும் நான் வாயைத் திறந்து சொன்னதே இல்ல.

கம்பெனி கேன்டீன்ல சாப்பிடுறதுக்கு முன்னாடி கண்ணை மூடினா டேபிளே சேர்ந்து அல்லேலூயான்னு ராகம் இழுக்கும். ஒருத்தர் டிபன் பாக்ஸ் மூடியில தாளம் போடுவார். எத்தனை மூட்டை அரிசி குடுத்தாங்கன்னு கேப்பாங்க. முதல் வருஷம் கை கழுவுற இடத்துல நின்னு ஜெபம் பண்ணிட்டு வந்து சாப்பிட்டேன். அப்புறம் டேபிள்லயே பண்ண ஆரம்பிச்சேன். இப்ப யார் பாடினாலும் எனக்கு ஒண்ணும் ஆகுறதில்ல.

ஊர்லதான் முடியல. படையல் போடுற நேரம் பார்த்து, "வண்டிக்குப் பெட்ரோல் போட்டுட்டு வரேன்"னு கிளம்பிடுவேன். நாலு பொங்கலும் அதே பொய்.

அப்பாவுக்குக் கிட்னி ரெண்டும் போய் ரெண்டு வருஷமா டயாலிசிஸ் நடக்குது, செவ்வாயும் வெள்ளியும். ஷிஃப்ட் மாத்தி வாங்கிக்கிட்டு முக்காவாசி நாள் நான்தான் கூட்டிட்டுப் போறேன். இந்த மாட்டுப் பொங்கல் அன்னிக்குத் திண்ணையில பங்காளிங்க எல்லாம் உக்காந்திருந்தாங்க. பெரியப்பா மகன் எல்லார் எதிரிலயும், "சித்தப்பா, உனக்கு ஒண்ணுன்னா கொள்ளி வைக்க யாருன்னு இப்பவே பாத்துக்கோ, உன் மூத்தவன் சிலுவைக்காரனாயிட்டான்னு ஊரே பேசுது. கொள்ளி வைக்காதவனுக்கு நெலத்துல பங்கும் கெடையாது"ன்னு சொன்னார். அப்பா என்னை ஏறிட்டுப் பார்த்தார். நான் எதாவது சொல்லுவேன்னு பார்த்தார். நான் தரையைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். "அவன் எம்புள்ளடா"ன்னு மட்டும் சொல்லிட்டு உள்ள போயிட்டார்.

என்னால கொள்ளி வைக்க முடியுமா? மொட்டை அடிக்கலாமா? பதினாறாம் நாள் காரியத்துல உக்காரலாமா? வசனத்தோட சொல்லுங்க.

ஒலிவமரம் | ஜனவரி 18, காலை 6:10

பிரதர், கர்த்தர் உங்களைப் பலப்படுத்துவாராக. பதில் நீளமா இருக்க வேண்டியதில்ல. மரித்தோர் தங்கள் மரித்தோரை அடக்கம்பண்ணட்டும்னு ஆண்டவரே சொல்லிட்டார். தானியேல் ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டுத்தான் மூணு வேளையும் ஜெபம் பண்ணினார். ராஜாவோட கட்டளை வந்த பிறகும் சாத்தல. பெட்ரோல் போடப் போறேன்னு சொன்னது ஜன்னலைச் சாத்தின மாதிரி. அந்த மண்பானையை நீங்க தோள்ல ஏத்தினீங்கன்னா நாலு வருஷ சாட்சி அதோட போச்சு. சொந்தக்காரங்க ரெண்டு நாள் பேசுவாங்க, பேசட்டும்.

கோட்டாறு_மணி | ஜனவரி 18, காலை 9:25

நான் கத்தோலிக்கன், நாகர்கோவில் பக்கம். தம்பி, நீங்க பெட்ரோல் போடக் கிளம்பின அதே பொங்கல் நேரத்துலதான் எங்க ஊர்ல வருஷா வருஷம் ஒருத்தரை நினைக்கிறோம். மறைசாட்சி தேவசகாயம். 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில சுட்டுக் கொன்னாங்க.

நட்டாலத்துல 1712-ல் பிறந்தவர், நீலகண்டப் பிள்ளை. திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா அரண்மனையில நல்ல உத்தியோகம். 1741 குளச்சல் போர்ல பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் மூலமா விசுவாசத்துக்கு வந்தார். 1745-ல் வடக்கன்குளத்துல ஞானஸ்நானம். நாலு வருஷம் கழிச்சுக் கைது. எருக்கம்பூ மாலையைக் கழுத்துல போட்டு, எருமை மேல பின்பக்கம் பார்க்க உக்கார வச்சு, ஊர் ஊரா இழுத்துட்டுப் போனாங்க. கொல்றதுக்கு முன்னாடி ஊரைச் சிரிக்க வச்சாங்க. உங்க கேன்டீன் ராகம் எனக்கு அந்த எருக்கம்பூ மாலையைத்தான் ஞாபகப்படுத்துது. 2022 மே 15-ல் ரோமில் புனிதர் பட்டம் குடுத்தப்போ பேர்ல இருந்த 'பிள்ளை'யை எடுத்துட்டுத்தான் குடுத்தாங்க. குருவோ துறவியோ இல்லாத இந்தியப் பொதுநிலையினர்ல அவர்தான் முதல் புனிதர்.

ஆனா இதை உங்க கேள்விக்குப் பதிலா எடுத்துக்காதீங்க. அவர் மேல பாய்ஞ்சது அரசாங்கம். உங்க எதிர்ல இருக்கிறது ஊசி குத்தின கையோட ஒரு அப்பா. ரெண்டையும் ஒண்ணாக்க எனக்கு மனசு வரல.

சடங்கு விஷயத்துல எங்க சபையே ஒரு நூறு வருஷத்துக்கு மேல அடிச்சுக்கிட்டது. 1606-ல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர், ராபர்ட் தெ நோபிலி, பூணூலும் குடுமியும் சந்தனமும் ஊர் வழக்கம், விக்கிரக வணக்கம் இல்லன்னார். கூட இருந்த குருக்களே ரோம் வரைக்கும் புகார் பண்ணினாங்க. 1623-ல் போப்பாண்டவர் சரின்னார். 1744-ல் வேற போப்பாண்டவர் பல வழக்கங்களுக்குக் கடிவாளம் போட்டார். எது மரியாதை, எது ஆராதனைங்கிறது அவங்களுக்கே சுலபமா முடியல.

கறுப்புக்கோட்டு | ஜனவரி 18, மதியம் 1:50

நிலத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அந்தப் பயத்தோடு மற்றதை முடிவு செய்ய வேண்டாம். கொள்ளி வைத்தால்தான் பங்கு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மதம் மாறிய மகனின் உரிமை போகாது. அதே சட்டத்தின் 26-ஆம் பிரிவைக் கவனியுங்கள்: மதம் மாறிய பிறகு பிறந்த பிள்ளைகள், சொத்துக்காரர் இறந்து வாரிசுரிமை திறக்கும் நேரத்தில் இந்துவாக இல்லாவிட்டால், இந்து உறவினரின் சொத்துக்கு வாரிசாக முடியாது. உங்களுக்கு ஞானஸ்நானத்துக்குப் பிறகு குழந்தை பிறந்திருந்தால், பெரியப்பா மகனோடு வாதாடாமல் நல்ல வக்கீல் ஒருவரைப் பாருங்கள். அப்பா தன் சுயசம்பாத்தியத்தை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம் என்பதும் நினைவிருக்கட்டும்.

வேலிக்காத்தான் | ஜனவரி 18, இரவு 8:15

ஒலிவமரம் அண்ணன் ஜன்னலைத் திறந்து வைங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டார். அந்த ஜன்னலுக்கு ஒவ்வொருத்தனுக்கும் ஒவ்வொரு விலை இருக்குண்ணே.

நான் சேரியில பிறந்தவன். எங்க தாத்தா காலத்துலயே சபைக்கு வந்தாச்சு. எனக்குச் சபையில ஒரு பேரு, பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட்ல ஒரு பேரு. 1950-ல் வந்த ஜனாதிபதி ஆணைப்படி இந்து மட்டும்தான் பட்டியல் சாதி. 1956-ல் சீக்கியரைச் சேர்த்தாங்க, 1990-ல் பௌத்தரைச் சேர்த்தாங்க. கிறிஸ்தவன்னு எழுதினா தமிழ்நாட்டுல பி.சி. ஆயிடுவோம். ஞானஸ்நானம் எடுத்ததும் ஊர்ல எங்களுக்குத் தனி டம்ளர் இல்லாம போச்சா? கல்லறையில நடுவுல இருந்த சுவர் இடிஞ்சுதா? சபைக்குள்ளயே இடியல. 2024 நவம்பர்ல புதுச்சேரிப் பெண் ஒருத்தர் வழக்குல சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லுச்சு? கிறிஸ்தவ விசுவாசத்துல இருந்துக்கிட்டு இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்துன்னு சொல்றது அரசியல் சாசனத்துக்குச் செய்யுற மோசடின்னு சொல்லுச்சு. தீர்ப்பு வந்த அன்னிக்கு எங்க தெருவுல ஒருத்தரும் ஒருத்தர் முகத்தைப் பார்த்துப் பேசல.

எங்க அம்மா வீட்டு வாசல்ல சிலுவை வரைஞ்சிருக்காங்க. நான் வேலைக்கு அப்ளிகேஷன் போட்டப்போ அதை அழிச்சுடலாமான்னு கேட்டாங்க. அவங்க கேட்டதுதான் இன்னிக்கு வரைக்கும் நெஞ்சுல நிக்குது. அழிக்க விடல நான். பி.சி.ன்னே போட்டேன், வேலை கிடைக்கல. இப்ப பெயின்டிங் கான்ட்ராக்ட் எடுக்கிறேன். என்னை மாதிரியே எல்லாரும் செய்யணும்னு சொல்ல எனக்கு வாய் வராது. மூணு பிள்ளைங்கள வச்சுக்கிட்டு வேற மாதிரி எழுதின என் தங்கச்சியை நான் எப்படிக் குத்தம் சொல்றது?

ஏரிக்கரை அண்ணே, நீங்க என்ன வேணா முடிவு பண்ணுங்க. சும்மா இருக்கிறவன் பேச்சைக் கேட்டு மட்டும் பண்ணாதீங்க.

முல்லைக்கொடி | ஜனவரி 19, காலை 10:30

நான் இந்து. இந்த இழையில் எழுதலாமா என்று தெரியவில்லை. என் தோழி அனுப்பிய சுட்டியைப் பிடித்து வந்தேன்.

என் அண்ணன் உங்களைப் போலத்தான். பதினோரு வருடம் எங்களிடம் சொல்லவில்லை. அப்பா இறந்த அன்றுதான் தெரிந்தது. கொள்ளிக்குடம் தயாராக இருக்கிறது, பண்டாரம் மூத்தவர் யார் என்று கேட்கிறார், அண்ணனைக் காணவில்லை. தேடிப் போனால் கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், வெள்ளைச் சட்டையோடு இரண்டு பேருடன் நின்றுகொண்டிருந்தார். "நான் உள்ளே வர முடியாதும்மா, என் விசுவாசம்" என்றார். அம்மா அவர் காலைப் பிடித்துக்கொண்டார். பெற்ற தாய், மகன் காலை. எதிர்வீட்டு மாடியிலிருந்து ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் என் மகன், ஒன்பதாவது படிக்கிறவன், குடத்தைத் தூக்கினான்.

அண்ணன் கொள்ளி வைக்காதது எனக்கு இன்று வருத்தமே இல்லை. நம்பாததை அவர் எதற்குச் செய்ய வேண்டும்? ஆனால் அப்பாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கையைத் தொடவில்லை. குளிப்பாட்டும்போது தண்ணீர் எடுத்துக் கொடுக்க அவர் சாமி தடுத்திருக்குமா? பதினோரு வருடத்தில் ஒரு நாள் உட்கார்ந்து, "அப்பா, எனக்கு இது முடியாது, அது முடியும்" என்று சொல்லியிருந்தால் அப்பா கத்தியிருப்பார், தட்டைத் தூக்கி எறிந்திருப்பார், பிறகு ஏதாவது ஒரு வழி சொல்லியிருப்பார். அந்த உரிமையை அவரிடமிருந்து அண்ணன் எடுத்துக்கொண்டார்.

உங்கள் அப்பா உயிரோடு இருக்கிறார். வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

மன்னார்க்காற்று | ஜனவரி 19, மாலை 4:05

நான் மன்னார். எங்கட தோட்டவெளியில வேதசாட்சிகளின்ர கோயில் இருக்கு. 1544-ல யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலி ஏறக்குறைய 600 பேரை வெட்டுவிச்ச இடம் மன்னார். சின்ன வயசில அம்மம்மா கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போகேக்க, "பேர் கூடத் தெரியாத சனம், பிள்ளை"ன்னு சொல்லுவா. அவையள் ஞானஸ்நானம் எடுத்துக் கன காலமும் ஆகேல்ல.

முல்லைக்கொடி அக்கா எழுதினதை வாசிச்சு அழுதிட்டன். எங்கட சண்டைக் காலத்தில கனபேருக்குத் தகப்பன்ர முகத்தைப் பாக்கவே கிடைக்கேல்ல. கிடைக்கிற ஆள் அதைத் தானா விடக்கூடாது, அண்ணா.

ஒலிவமரம் | ஜனவரி 19, இரவு 9:40

சகோதரி முல்லைக்கொடி, உங்க அம்மா கால்ல விழுந்ததைப் படிச்சிட்டு என்னால இன்னைக்கு வேலை பார்க்க முடியல. எங்க ஜனங்கள்ல ஒருத்தர் அப்படி நின்னதுக்கு உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிறேன். மரித்தோர் வசனத்தை நான் அவசரமா எடுத்து வீசிட்டேன். உன் தகப்பனையும் தாயையும் கனம்பண்ணுங்கிறதும் அதே வேதத்துல கல்லுல எழுதிக் குடுத்த கட்டளை.

கொள்ளி விஷயத்துல மட்டும் என் மனசு மாறல. அதை நான் வைக்கச் சொல்ல மாட்டேன். வேலிக்காத்தான் தம்பி, நீங்க கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்ல. நான் ஜன்னலைத் திறந்ததுக்கு ஒரு விலையும் குடுத்ததில்ல.

ஓய்ந்த_உபதேசியார் | ஜனவரி 20, காலை 5:30

திருநெல்வேலி சேகரங்களில் முப்பத்தொரு வருடம் உபதேசியாராக இருந்தவன். எத்தனையோ இழவு வீடுகளில், ஒரே கூரைக்குக் கீழே ஒரு பக்கம் பாமாலையும் மறுபக்கம் சங்கும் கேட்க நின்றிருக்கிறேன். ஆகையால் கொஞ்சம் சொல்லலாம்.

யோவான் சுவிசேஷம் 19-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள் தம்பி. அரிமத்தியா ஊரானாகிய யோசேப்பை வேதம் 'அந்தரங்க சீஷன்' என்று சொல்கிறது. யூதருக்குப் பயந்து மறைவாக இருந்தவர். கூட வந்த நிக்கொதேமுவோ இராத்திரியில் வந்தவர். இந்த இரண்டு பேரும் எப்போது வெளியே வந்தார்கள்? ஒரு சரீரத்தை அடக்கம்பண்ண வேண்டிய நேரத்தில். பகிரங்கமாய்ப் பின்பற்றின சீஷர்கள் சிதறிப்போன அன்றைக்கு, மறைந்திருந்தவர் பிலாத்துவினிடத்தில் போய்த் துணிந்து கேட்டார். மற்றவர் நூறு இராத்தல் சுகந்தவர்க்கம் கொண்டுவந்தார். அவர்களுடைய அறிக்கை பேச்சாக இல்லை. இறந்தவரின் உடம்பைக் கையால் எடுத்து, சுற்றி, சுமந்து வைத்தார்கள். பயந்தவனுக்கும் இப்படி ஒரு வாசலை ஆண்டவர் வைத்திருக்கிறார்.

நடைமுறைக்கு வருவோம். குளிப்பாட்டுவது, கோடி போடுவது, பாடையைத் தூக்குவது, குழியானாலும் சிதையானாலும் கடைசி வரை நிற்பது, இவையெல்லாம் பிள்ளையின் கடமை. இவற்றில் ஒன்றையும் விடாதீர்கள். மற்றவர்களைவிட அதிகமாகச் செய்யுங்கள். பிண்டம் வைப்பது, படையல், காகத்துக்குச் சோறு, இவை இறந்தவரைத் தெய்வமாக்கிக் கும்பிடுவது. அதில் விசுவாசி உட்கார முடியாது. கொள்ளியும் மொட்டையும் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. நெருப்பு வைப்பது அடக்கமுறைதானே என்கிற போதகர்களும் உண்டு, கூடாது என்கிறவர்களும் உண்டு. நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் தம்பி வைத்தார், மூத்தவர் தலைமாட்டைச் சுமந்தார்.

ஆனால் இதை நீங்களும் நானும் தீர்மானித்தால் போதாது. முல்லைக்கொடி அம்மா சொன்னது எங்கள் பிரசங்கங்களைவிட மேலானது. உங்கள் தகப்பனிடம் போய்ச் சொல்லுங்கள். இயேசுவை அறிக்கை செய்யக் கேன்டீன் உங்களுக்குச் சின்ன இடம், அதைத் தாண்டிவிட்டீர்கள். திண்ணைதான் மிச்சம். சாந்தத்தோடு சொல்லுங்கள். பதிலுக்கு அவர் என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோட்டாறு_மணி | ஜனவரி 20, காலை 8:00

உபதேசியார் ஐயா சொன்ன அந்த அந்தரங்க சீஷன் பகுதியைப் பெரிய வெள்ளிக்கு நாப்பது வருஷமா கேட்டுக்கிட்டு வரேன். இப்படி ஒரு நாளும் எனக்குத் தோணினதில்ல. நன்றி ஐயா. தம்பிக்காக இன்னிக்குக் கோட்டாறு கோயில்ல, தேவசகாயம் கல்லறைகிட்ட ஒரு மெழுகுவர்த்தி வச்சேன்.

ஏரிக்கரை | பிப்ரவரி 9, இரவு 10:55

மூணு வாரமா எழுத முடியல, மன்னிச்சுக்கோங்க. எல்லா பதிலையும் பல தடவை படிச்சேன். முல்லைக்கொடி அக்கா எழுதினதை மனைவிகிட்ட வாய்விட்டுப் படிச்சுக் காட்டினேன்.

ஜனவரி 23 வெள்ளிக்கிழமை அப்பாவைக் கூட்டிட்டுப் போனேன். மிஷின்ல இருக்கும்போதே சொல்லிடலாம்னு முதல்ல நினைச்சேன். நாலு மணி நேரம் அவர் எங்கயும் எழுந்து போக முடியாது. அதனாலயே அங்க சொல்லக்கூடாதுன்னு தோணுச்சு. கோவம் வந்தா எழுந்து போறதுக்காவது அவருக்கு வழி வேணும். முடிச்சிட்டுத் திரும்பி வர்ற வழியில புளியமரத்துக்குப் பக்கத்துல ஒரு டீக்கடை இருக்கு. தண்ணி அளவு இருக்கிறதால அவருக்கு அரை கிளாஸ் டீதான். அதை எப்பவும் ஊதி ஊதி ரொம்ப நேரம் குடிப்பார். டயாலிசிஸ் ஊசிக்காக ஃபிஸ்டுலா போட்ட கையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தார்.

"அப்பா, பெரியப்பா வீட்டு அண்ணன் அன்னிக்குச் சொன்னது நெசம். நாலு வருஷம் ஆச்சு. உங்ககிட்ட சொல்லாம இருந்தது என் தப்பு. படையலப்ப பெட்ரோல் போடப் போறேன்னு சொன்னதெல்லாம் பொய்ப்பா"ன்னேன். அதுக்கு மேல என்னென்னமோ சொல்லணும்னு மனசுல வச்சிருந்தேன். எதுவும் வரல.

அவர் கிளாஸைக் கீழ வச்சார். பாதி டீ அப்படியே இருந்துச்சு. "உங்கம்மாவுக்குத் தெரியுமா?"ன்னார். கொஞ்சம் தெரியும்னேன். "உன் தம்பிக்கு?" தெரியும்னேன். "எனக்கு மட்டுந்தான் தெரியாது"ன்னு சொல்லிட்டு வண்டிகிட்ட போய் நின்னுக்கிட்டார். வீடு வர்ற வரைக்கும் பேசல. அடுத்த செவ்வாய்க்கிழமை தம்பி கூடப் போனார். வெள்ளிக்கிழமையும் தம்பிதான். போன் பண்ணினா அம்மாதான் எடுத்தாங்க, "அவரு உங்கிட்ட பேச மாட்டேங்கிறாருப்பா"ன்னு அழுதாங்க. என்னால அந்த ரெண்டு வாரமும் கேன்டீன்ல கண்ணை மூடி ஒரு வார்த்தை ஜெபிக்க முடியல. சும்மா கண்ணை மூடி உக்காந்திருந்தேன். தாளம் போடுறவர் ஒரு நாள் மூடியைத் தட்டாம, "என்னடா, உடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டார்.

நேத்து ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் நேரா ஊருக்குப் போனேன். அப்பா திண்ணையில இருந்தார். உக்காருன்னு சொல்லல, நானா உக்காந்தேன். ரொம்ப நேரம் கழிச்சு, "உங்க சாமி கொள்ளி வைக்கக் கூடாதுங்குதா?"ன்னு கேட்டார். "என் மனசு ஒப்பலப்பா. ஆனா உங்களைக் குளிப்பாட்டுறது, தூக்குறது, எல்லாம் நான்தான் செய்வேன். காட்டுல கடைசி வரைக்கும் நிப்பேன். வெளிய நிக்க மாட்டேன்"ன்னேன். அவர் துண்டால மூஞ்சைத் துடைச்சுக்கிட்டார். "சின்னவன் வைக்கட்டும். நீ தலமாட்டுல தோள் குடு. உன் தோள்தான் ஒசரம்"ன்னார். அம்மா உள்ள இருந்து, "என்ன பேச்சு இது, நடு வீட்டுல"ன்னு சத்தம் போட்டாங்க.

அப்புறம் என் பொண்ணைப் பத்திக் கேட்டார். நெய்ப்பந்தம் அவ பிடிப்பாளா மாட்டாளான்னு. அவளுக்கு மூணு வயசு. இதுக்கு எனக்குப் பதில் தெரியல, யோசிச்சுச் சொல்றேன்ப்பான்னேன். "யோசி. ஆனா சொல்லு. மறைக்காத"ன்னார். ஐயா, இதைப் பத்தி உங்களுக்கு என்ன தோணுது? ஒலிவமரம் பிரதர், நீங்களும் சொல்லுங்க.

பெரியப்பா மகன் இன்னும் பேசல. தெருவுல பார்த்தா முகத்தைத் திருப்பிக்கிறார். வக்கீலைப் பார்க்க அடுத்த வாரம் போறேன்.

நாளைக்குச் செவ்வாய். காலையில அஞ்சு மணி பேட்ச். தம்பிக்கு வேலை இருக்காம், என்னை வண்டி எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கார். மூணு மணிக்குக் கிளம்பணும்.